பி.இ. முடித்ததும் கடற்படைக்குப் போகலாமா?

மதுரைப் பக்கம் பி.இ. மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கும் தம்பி ஒருவரின் கேள்வி இது: "வயது 21. கேம்பஸில் ஒரு மென்பொருள் நிறுவனம் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் சம்பளத்துக்கு எடுத்திருக்கிறது. எனக்கோ பள்ளி நாளிலிருந்தே கடற்படை ஆசை. அப்பா, 'கடன் வாங்கிப் படிக்க வைத்தது கப்பலில் ஏறிக் காணாமல் போவதற்கா' என்கிறார். பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கையும் தனக்கு வழி இருக்கிறதா என்று கேட்கச் சொல்கிறாள். நான் சேரலாமா?"

தம்பி, விண்ணப்பியுங்கள். அதில் எனக்குத் தயக்கமே இல்லை. சேரலாமா என்பது வேறு கேள்வி. அதற்கு இன்றே பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. தேர்வு எழுதுவதோ, எஸ்.எஸ்.பி. என்ற படை அதிகாரித் தேர்வு வாரியத்தின் நேர்காணலுக்குப் போவதோ, மருத்துவப் பரிசோதனையில் தேறுவதோ உங்களைக் கட்டிப்போடாது. கேரளத்தின் எழிமலையில் இருக்கும் கடற்படை அகாடமியின் வாசலில் பெட்டியோடு போய் நிற்கும் நாள்வரை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அதற்குப் பிறகு நிலைமை வேறு. பயிற்சியின் நடுவில் நீங்களாக விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். கமிஷன், அதாவது அதிகாரியாக நியமனம், பெற்ற பிறகோ, ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு நோட்டீஸ் காலம் முடிந்ததும் வெளியேறுகிற வேலை அல்ல அது. அறிவிப்பு வருவதிலிருந்து பயிற்சி தொடங்கும்வரை ஏறக்குறைய ஓராண்டு ஆகும். அந்த ஓராண்டுதான் நீங்கள் யோசிப்பதற்கான காலம். கடற்படையின் பொறியியல் பிரிவில் இருபது ஆண்டுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில், எதையெல்லாம் யோசிக்க வேண்டும் என்று எனக்குப் படுவதைச் சொல்கிறேன்.

முதலில், எந்த வாசல் வழியாகப் போகிறீர்கள் என்பது தெளிவாக வேண்டும். என்னிடம் விவரம் கேட்டு வரும் இளைஞர்களில் பலர் மூன்று வேறு வேலைகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். சரக்குக் கப்பலில் ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்ப்பது வணிகக் கப்பல் துறை. அது தனியார் நிறுவனங்களின் வேலை. நாட்டின் படையோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. அங்கே நல்ல வாழ்க்கை அமைத்துக்கொண்டவர்கள் ஏராளம். ஆனால் இடைத்தரகர்களிடம் லட்சக்கணக்கில் கட்டி ஏமாந்தவர்களும் நம் ஊர்களில் ஏராளம். இந்தியக் கடற்படையில் அதிகாரியாகச் சேர எந்த முகவருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. யாராவது கேட்டால் அவர் பொய் சொல்கிறார்.

அடுத்தது அக்னிவீர். 2022 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட திட்டம். மாலுமியாக நான்கு ஆண்டுப் பணி. முதலாண்டு மாதம் 30,000 ரூபாயில் தொடங்கி நான்காம் ஆண்டு 40,000. அதில் 30 விழுக்காடு சேவா நிதிக்குப் பிடித்தம். முடிவில் வட்டியோடு சுமார் 11.7 லட்சம். ஒரு அணியில் அதிகபட்சம் 25 விழுக்காட்டினரே தொடர்ந்து பணியில் வைத்துக்கொள்ளப்படுவார்கள். 17½ முதல் 21 வயதுவரை என்பதால் பட்டதாரிகளுக்கு அந்த வாசல் பெரும்பாலும் மூடிவிட்டது. பட்டம் கையில் இருக்கும்போது நீங்கள் பார்க்க வேண்டியது அதிகாரி நிலைப் பணியைத்தான்.

அதில் உங்களுக்கு இரண்டு பாதைகள். ஒன்று, யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நடத்தும் சி.டி.எஸ். என்ற ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு. கடற்படை அகாடமிக்குப் பொறியியல் பட்டம் கட்டாயம். திருமணம் ஆகாதவராக, 24 வயதுக்குள் இருக்க வேண்டும். ஆங்கிலம், பொது அறிவு, கணிதம் என்று மூன்று தாள்கள். அகாடமிக்கு ஒரு தேர்வில் சுமார் முப்பது இடங்கள்தான் இருக்கும். ஆனால் தேறினால் கிடைப்பது ஓய்வு வயதுவரை பணியில் இருக்கும் நிரந்தரக் கமிஷன். இரண்டாவது, குறுகிய காலக் கமிஷன். கடற்படையின் அதிகாரபூர்வ ஆள்சேர்ப்பு இணையதளத்தில் பிரிவு வாரியாக அறிவிப்பு வரும். பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்தே எஸ்.எஸ்.பி.க்கு அழைப்பார்கள். பெரும்பாலான பிரிவுகளுக்கு 60 விழுக்காடு வேண்டும். பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ ஆங்கிலத்தில் 60 விழுக்காடு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. பலர் இதைக் கவனிப்பதே இல்லை. தமிழ்வழியில் படித்தவர் என்றால் பழைய மதிப்பெண் பட்டியலை எடுத்து அதை முதலில் பாருங்கள். என்.சி.சி. 'சி' சான்றிதழ் இருந்தால் கட்ஆஃபில் 5 விழுக்காடு சலுகை கிடைக்கும். இரண்டு பாதைகளிலும் ஒரே நேரத்தில் முயலலாம். இறுதியாண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம்.

இங்கே இன்னொரு தேர்வு இருக்கிறது. இருபத்தோரு வயதில் யாரும் அதைச் சரியாக யோசிப்பதில்லை. கப்பலைச் செலுத்துவதும் ஆயுதங்களை இயக்குவதும் பிற்காலத்தில் கப்பலுக்குத் தலைமை ஏற்பதும் எக்சிகியூட்டிவ் பிரிவின் வேலை. சி.டி.எஸ். வழியே போகிறவர்கள் அந்தப் பிரிவுக்குத்தான் போகிறார்கள். எஞ்சின்கள், மின்னாக்கிகள், குழாய்கள், வால்வுகள் எல்லாம் பொறியியல் பிரிவின் பொறுப்பு. லோனாவாலாவில் உள்ள ஐ.என்.எஸ். சிவாஜியில் அதற்கான பயிற்சி. பொறியியல் அதிகாரி எவ்வளவு திறமைசாலியானாலும் போர்க்கப்பலின் கேப்டனாக முடியாது. உங்கள் ஆசைக்குள் இருப்பது கப்பலின் மேல்தளத்தில் நின்று தலைமை தாங்கும் காட்சியா, அல்லது ஒரு பெரிய இயந்திரத்தைப் பிரித்து மேய்ந்து மறுபடி ஓடவைப்பதா? நான் இரண்டாவது வகை. கேஸ் டர்பைன் ஒன்று பழுதாகி, இரவெல்லாம் உட்கார்ந்து கோளாறைக் கண்டுபிடித்து, விடியும்போது அது சீராகச் சுழலும் சத்தம் கேட்கும் மகிழ்ச்சிக்காகவே நான் அந்த வேலையில் இருந்தேன். முதல் வகை ஆசையோடு பொறியியல் பிரிவில் சேர்ந்தவர்கள் பத்து ஆண்டு கழித்தும் ஏங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இனி வாழ்க்கை எப்படி இருக்கும் என்பது. இதில்தான் அதிக நேரம் செலவழிக்க விரும்புகிறேன், ஏனென்றால் விளம்பரப் படங்களில் வராத பகுதி இது. கடலில் இருக்கும்போது நாள் என்பது காலை, மாலை என்று பிரிவதில்லை. வாட்ச் எனப்படும் முறைப் பணிக் கணக்கில் பிரியும். நான்கு மணி நேரம் வாட்ச், பிறகு எட்டு மணி நேர இடைவெளி. அந்த எட்டு மணி நேரம் ஓய்வு என்று நினைத்துவிடாதீர்கள். பராமரிப்பு, பயிற்சி, தீயணைப்பு ஒத்திகை, அறிக்கை எழுதுவது எல்லாம் அதற்குள்தான். நள்ளிரவு 12 முதல் 4 வரையிலான வாட்ச் முடிந்து படுத்தவரைக் காலையில் ஒத்திகை மணி எழுப்பிவிடும். இளம் அதிகாரிக்குத் தனி அறை கிடையாது, அடுக்குக் கட்டில்தான். மழைக்காலத்து அரபிக்கடலில் கப்பல் ஆடும் ஆட்டத்தில் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குச் சாப்பாடே உள்ளே தங்காது. பெரும்பாலானவர்களுக்கு உடல் பழகிவிடும். சிலருக்கு ஒவ்வொரு பயணத்தின் தொடக்கத்திலும் வரும், அவர்களும் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பார்கள்.

கப்பல் துறைமுகத்துக்கு வந்தால் நிம்மதி என்று எண்ண வேண்டாம். பொறியாளருக்கு அப்போதுதான் வேலை அதிகம். கடலில் ஓடும்போது தொட முடியாத இயந்திரங்களையெல்லாம் அடுத்த பயணத்துக்குள் பிரித்துச் சரிசெய்தாக வேண்டும். சில நாட்களுக்கு ஒருமுறை இரவு முழுக்கக் கப்பலிலேயே இருக்கும் டூட்டியும் வரும். வீடு இரண்டு கிலோமீட்டரில் இருந்தாலும் அன்று போக முடியாது.

தொடர்பு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் தலைமுறைக்கு இது எங்களுக்கு இருந்ததைவிடக் கடினம். நடுக்கடலில் சிக்னல் இல்லை என்பது ஒருபுறம். உளவு வழக்கில் கடற்படையினர் சிலர் கைதான பிறகு, 2019 டிசம்பரில் போர்க்கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போனுக்கும் முகநூலுக்கும் தடை போட்டார்கள். கப்பல் எங்கே போகிறது, எப்போது திரும்பும் என்பதை அம்மாவிடம்கூடச் சொல்ல முடியாத நாட்கள் வரும். தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு வருவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வர முடியாமல் போகும். ஆண்டுக்கு 60 நாள் ஆண்டு விடுப்பும் 20 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. வேறு எந்த நிறுவனமும் அவ்வளவு தராது. ஆனால் அதை எப்போது எடுப்பது என்பதைக் கப்பலின் திட்டம்தான் முடிவு செய்யும்.

இதற்கெல்லாம் ஈடாகக் கிடைப்பது என்ன என்று கேட்பீர்கள். 23 வயதில் உங்கள் பொறுப்பில் முப்பது நாற்பது மாலுமிகள் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் மாஸ்டர் சீஃப். உங்களைவிட இருபது வயது மூத்தவர், அந்த எஞ்சினை உங்களைவிட நன்றாக அறிந்தவர். அவரிடம் வேலை கற்றுக்கொண்டே அவருக்கு அதிகாரியாகவும் இருக்க வேண்டும். பிகாரிலிருந்து வந்த இளைஞன் ஒருவனின் வீட்டு நிலத் தகராறு, மணிப்பூர்க்காரர் ஒருவரின் குழந்தைக்குப் பள்ளியில் இடம், இன்னொருவரின் கடன் என்று எல்லாம் உங்கள் மேசைக்கு வரும். அவர்களுடைய நலனைப் பார்ப்பது உங்கள் பணியின் ஒரு பகுதி. யாரும் விரும்பினால் செய்கிற உதவி அல்ல. மனிதர்களின் சுமையைச் சுமப்பதில் உங்களுக்கு விருப்பம் உண்டா? கல்லூரி விடுதியில் நண்பனுக்குக் காய்ச்சல் என்றால் மருத்துவமனைக்குக் கூட்டிப்போன ஆள் நீங்களா? இந்தக் கேள்விக்கு ஆம் என்றால், கப்பலின் மற்றக் கஷ்டங்களை நீங்கள் தாங்கிக்கொள்வீர்கள். இல்லை என்றால் சீருடையின் ஈர்ப்பு இரண்டாண்டில் வடிந்துவிடும்.

செய்யும் வேலைக்குப் பொருள் இருக்கிறதா என்ற சந்தேகம் அங்கே எனக்கு வந்ததில்லை. 2020 ஜூன் மாதம், கொரோனா ஊரடங்கின்போது, ஐ.என்.எஸ். ஜலஷ்வா கொழும்பிலும் மாலேயிலும் சிக்கியிருந்த நம் மக்களை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி துறைமுகத்துக்கு வந்தது. 2024 மார்ச் மாதம், கடற்கொள்ளையர் பிடியில் இருந்த ரூயென் என்ற சரக்குக் கப்பலைச் சுமார் 40 மணி நேர நடவடிக்கையில் மீட்டு, 17 ஊழியர்களையும் உயிரோடு காப்பாற்றி, 35 கொள்ளையரைச் சரணடைய வைத்தார்கள் நம் கடற்படையினர். அந்தக் கப்பல்களின் இயந்திர அறையில் வியர்த்துக்கொண்டிருந்த இளம் அதிகாரியான சப்-லெப்டினன்டின் பெயர் செய்தியில் வராது. அவருக்குத் தெரியும், அது போதும்.

வேலையை நேசிப்பவர்களும் சறுக்கும் இடம் அடுத்தது. குறுகிய காலக் கமிஷன் என்றால் நீட்டிப்புகளோடு சேர்த்து அதிகபட்சம் 14 ஆண்டுகள். 22 வயதில் சேர்ந்தால் 36 வயதில் வெளியே வருவீர்கள். அதிகாரிகளுக்கு ஓய்வூதியம் வேண்டுமென்றால் 20 ஆண்டுப் பணி முடிந்திருக்க வேண்டும். எனவே உங்களுக்குப் பணிக்கொடையும் வைப்பு நிதியும் உண்டு, மாதந்தோறும் வரும் ஓய்வூதியம் இல்லை. சில பிரிவுகளில் நிரந்தரக் கமிஷனுக்கு மாற வாய்ப்பு இருக்கும். அதை நம்பி வாழ்க்கைக் கணக்குப் போடாதீர்கள், கிடைத்தால் நல்லது. 36 வயதில், மனைவி, பள்ளி போகும் குழந்தைகள், ஒருவேளை வீட்டுக் கடன் இவற்றோடு புதிதாக வேலை தேடத் துணிவு வேண்டும். உங்களோடு படித்து மென்பொருள் நிறுவனத்துக்குப் போன நண்பனுக்கு அதற்குள் அதே துறையில் 14 ஆண்டு அனுபவம் சேர்ந்திருக்கும்.

இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. வெளியே வரும் அதிகாரிகளுக்கு ஐ.ஐ.எம். போன்ற இடங்களில் மேலாண்மைப் படிப்புக்குப் பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுகுடியமர்த்தல் இயக்ககம் ஏற்பாடு செய்கிறது. ஐந்தாண்டுக்கு மேல் பணியாற்றியவர்களுக்குக் குடிமைப் பணித் தேர்வில் ஐந்தாண்டு வயதுத் தளர்வு உண்டு. கப்பல் கட்டும் தளங்கள், துறைமுகங்கள், மின் நிலையங்கள், சரக்குப் போக்குவரத்து நிறுவனங்கள் பொறியியல் அதிகாரிகளை விரும்பி எடுக்கின்றன. ஆனால் இவையெல்லாம் தயாரானவருக்குத்தான் பயன்படும். எட்டாவது ஆண்டிலேயே அடுத்த வேலைக்கான படிப்பைத் தொடங்கியவர்கள் நன்றாக இருக்கிறார்கள். பதின்மூன்றாவது ஆண்டில் விழித்துக்கொண்டவர்கள் சிரமப்படுகிறார்கள். 14 ஆண்டுக்குப் பிறகு என்ன என்பதற்கு உங்களிடம் ஒரு தோராயமான பதிலாவது இருக்க வேண்டும். சி.டி.எஸ். வழியில் நிரந்தரக் கமிஷன் கிடைத்தால் இந்தக் கவலை பெரிதும் குறைகிறது. அதனால்தான், கடினமானாலும், அந்தத் தேர்வை முதலில் முயலச் சொல்கிறேன்.

சம்பளத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. சப்-லெப்டினன்டின் அடிப்படைச் சம்பளம் 56,100. அதோடு படைப்பணி ஊதியம் 15,500. அகவிலைப்படியும் மற்றப் படிகளும் தனி. விமானிகளுக்கும் நீர்மூழ்கிக் கப்பலில் இருப்பவர்களுக்கும் கூடுதல் படி. உங்கள் கேம்பஸ் சம்பளத்தைவிடத் தொடக்கத்தில் மூன்று மடங்கு அளவுக்கு வரும். பத்தாவது ஆண்டில் நல்ல மென்பொருள் பொறியாளர் உங்களைத் தாண்டிப் போயிருப்பார். பணத்துக்காகச் சேர்வதாக இருந்தால் வேண்டாம். பணத்துக்குப் பயந்து விடவும் வேண்டாம்.

உயிர் ஆபத்து உண்டா என்றால், உண்டு. 1971 டிசம்பர் 9ஆம் தேதி டையூ கடற்பகுதியில் பாகிஸ்தான் நீர்மூழ்கியின் தாக்குதலில் ஐ.என்.எஸ். குக்ரி மூழ்கியது, 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிரிழந்தார்கள். 2013 ஆகஸ்ட் 14 அன்று, போர் எதுவும் இல்லாத நாளில், மும்பைத் தளத்தில் நின்றிருந்த சிந்துரக்ஷக் நீர்மூழ்கி வெடித்து 18 பேர் இறந்தார்கள். எரிபொருள், வெடிபொருள், உயர் அழுத்தம், கடல் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும் வேலை இது. இதை அப்பாவிடம் மறைக்காமல் பேசுங்கள்.

தங்கைக்கு வருகிறேன். 1992 முதல் பெண்கள் கடற்படையில் அதிகாரிகளாக இருக்கிறார்கள். ஆண்களுக்கு நிகராக நிரந்தரக் கமிஷன் கோரும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று 2020 மார்ச் 17 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் பிரேரணா தேவஸ்தலி கடற்படைப் போர்க்கப்பலுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண்ணானார். புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா, கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா இருவரும் தாரிணி என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றிவிட்டு 2025 மே மாதம் திரும்பினார்கள். வேறு யாரும் படகில் இல்லை, இரண்டே பேர். எனவே "பெண் பிள்ளைக்கு எதற்கு" என்ற பேச்சை வீட்டில் யாரும் எடுத்தால் இவர்களைக் காட்டுங்கள்.

ஆனால் பி.எஸ்சி. மட்டும் இருந்தால் கடற்படையில் கதவுகள் குறைவு. எம்.எஸ்சி. கணிதத்தை 60 விழுக்காட்டோடு முடித்தால் கல்விப் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம். பி.எஸ்சி.யை முதல் வகுப்பில் முடித்து, நிதி அல்லது சரக்கு மேலாண்மையில் முதுநிலைப் பட்டயமும் பெற்றால் லாஜிஸ்டிக்ஸ் பிரிவுக்கு முயலலாம். தில்னாவே லாஜிஸ்டிக்ஸ் பிரிவைச் சேர்ந்தவர்தான். இரண்டுக்கும் நேரம் இல்லை, சீக்கிரம் படையில் சேர வேண்டும் என்றால், சென்னை பரங்கிமலையில் உள்ள தரைப்படை அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு எந்தப் பட்டத்தோடும் சி.டி.எஸ். வழியாகப் போகலாம், அங்கே பெண்களுக்கும் இடம் உண்டு. எதுவானாலும் என்.சி.சி.யில் இல்லை என்றால் இந்த ஆண்டே சேரச் சொல்லுங்கள்.

எஸ்.எஸ்.பி. என்பது ஐந்து நாள் தேர்வு. பெங்களூரு, போபால், விசாகப்பட்டினம், கொல்கத்தா போன்ற இடங்களில் நடக்கும். முதல் நாளே பெரும்பகுதியினரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மீதிப் பேருக்கு உளவியல் தேர்வுகள்: படத்தைப் பார்த்து நான்கு நிமிடத்தில் கதை எழுதுவது, 15 விநாடிக்கு ஒரு சொல்லாக 60 சொற்களுக்கு வாக்கியம் எழுதுவது, அரை மணி நேரத்தில் 60 சூழ்நிலைகளுக்குப் பதில் எழுதுவது. பிறகு திறந்தவெளியில் குழுப் பணிகள், தனி நேர்காணல். நம் ஊர்ப் பிள்ளைகள் இங்கே தோற்பது அறிவுக் குறைவால் அல்ல. குழு விவாதத்தில் மற்றவர்கள் சரளமாக ஆங்கிலம் பேசும்போது வாயை மூடிக்கொண்டுவிடுகிறார்கள். எளிய ஆங்கிலம் போதும்; இலக்கணப் பிழையோடு பேசினாலும் பரவாயில்லை; ஆனால் பேச வேண்டும். இன்றிலிருந்து தினமும் ஒரு நண்பரோடு அரை மணி நேரம் ஆங்கிலத்தில் வாதிடுங்கள். பயிற்சி மையங்கள் மனப்பாடம் செய்யச் சொல்லும் கதைகளை எழுதாதீர்கள். உளவியலாளர் அவற்றை நூற்றுக்கணக்கில் படித்திருப்பார். ஒருமுறை தேர்வாகவில்லை என்றால் மறுபடி போகலாம். என்னோடு பணியாற்றிய நல்ல அதிகாரிகளில் மூன்றாவது நான்காவது முயற்சியில் தேறியவர்கள் இருந்தார்கள்.

மருத்துவத் தேர்வில் எல்லாம் முடிந்த பிறகு மனம் உடைந்து திரும்புகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு அதிக வருத்தம். நிறக்குருடு இருப்பது பலருக்கு அந்த மேசையில்தான் முதன்முதலில் தெரிகிறது. கண் மருத்துவரிடம் போய் நிறப் பார்வைச் சோதனையையும் பார்வைத் திறனையும் இப்போதே பார்த்துவிடுங்கள். தட்டைப் பாதம், முட்டி இடிக்கும் கால்கள், காதில் அடைப்பு, பச்சை குத்தியது இவையும் தடையாகலாம். சிலவற்றை முன்கூட்டியே சரிசெய்துகொள்ள முடியும். உடற்பயிற்சியில் குறைந்தது 20 தண்டால், 8 புல்-அப், மூன்று நான்கு மீட்டர் கயிறு ஏறுவது என்று இலக்கு வையுங்கள். நீச்சல் தெரியாவிட்டால் உடனே கற்றுக்கொள்ளுங்கள். அகாடமியில் கற்றுத் தருவார்கள். ஆனால் களைத்துப்போன உடம்போடு அங்கே முதன்முதலாகக் குளத்தில் குதிப்பது கொடுமை. இந்தி பேசத் தெரியாவிட்டால் கவலை வேண்டாம், அலுவல் ஆங்கிலத்தில்தான். மாலுமிகளோடு பழக இந்தி தேவை. ஆறு மாதத்தில் தானாக வந்துவிடும். எழிமலை நமக்கு அந்நிய இடமும் அல்ல. சங்கப் பாடல்களில் நன்னனின் ஏழிற்குன்றமாக வரும் மலை அதுதான்.

முடிவெடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். சென்னையிலிருந்து அந்தமானுக்குப் பயணிகள் கப்பல் போகிறது. சுமார் மூன்று நாள் பயணம். செமஸ்டர் விடுமுறையில் மலிவான பங்க் வகுப்பில் டிக்கெட் எடுத்துப் போய்வாருங்கள். நான்கு பக்கமும் நீர், போனில் சிக்னல் இல்லை, உடம்பு ஆடிக்கொண்டே இருக்கும், இரவில் எஞ்சின் சத்தம் ஓயாது. போர்க்கப்பல் வாழ்க்கை இதைவிடப் பல மடங்கு கடினம். ஆனாலும் மூன்றாம் நாள் காலையில் நீங்கள் மேல்தளத்துக்கு ஓடி வருகிறீர்களா, அல்லது எப்போது கரை வரும் என்று மணி பார்க்கிறீர்களா என்பதை அங்கே தெரிந்துகொள்ளலாம். என் பேச்சைவிட அது உங்களுக்கு நம்பகமானது.

கேம்பஸ் வேலையை விட வேண்டாம். அழைப்பு வந்தால் சேருங்கள், சம்பளம் வாங்கிக்கொண்டே தேர்வுக்குப் படியுங்கள். ஆனால் சேரும் முன் பணி ஒப்பந்தத்தை முழுமையாகப் படியுங்கள். இத்தனை மாதத்துக்குள் விலகினால் இவ்வளவு கட்ட வேண்டும் என்ற பாண்டு இருந்தால், அந்தத் தொகை எவ்வளவு என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். மென்பொருள் வேலை இரண்டு ஆண்டு கழித்தும் கிடைக்கும். சி.டி.எஸ். 24 வயதோடும், குறுகிய காலக் கமிஷன் பெரும்பாலும் 25 வயதோடும் முடிந்துவிடும்.

அப்பாவைப் பற்றிக் கடைசியாக. அவர் பேச்சில் கோபம் இருந்தாலும் உள்ளே இரண்டு பயங்கள்: மகனைப் பார்க்க முடியாமல் போகும், கல்விக் கடன் அடையாமல் போகும். முதல் பயத்துக்கு நீங்கள் சொல்லும் சமாதானம் எடுபடாது. உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்ற குடும்பங்களைப் பற்றிச் சொல்வார்கள். அப்படி ஒரு வீட்டுக்கு அப்பா அம்மா இருவரையும் அழைத்துப் போங்கள். அந்த அதிகாரி பேசட்டும். அதைவிட அவருடைய மனைவி பேசட்டும். கப்பல் போன மாதங்களில் குழந்தைகளை எப்படி வளர்த்தார், குடியிருப்பில் யார் உதவினார்கள், பள்ளி மாற்றங்களை எப்படிச் சமாளித்தார் என்று அவருக்குத்தான் தெரியும். அரக்கோணம், விஜயநாராயணம், உச்சிப்புளி, சென்னை ஆகிய இடங்களில் கடற்படைத் தளங்கள் இருப்பதைச் சொல்லி, தமிழ்நாட்டிலேயே இருப்பேன் என்று மட்டும் உறுதி கொடுத்துவிடாதீர்கள். உங்கள் ஆண்டுகளில் பெரும்பகுதி மும்பையிலும் விசாகப்பட்டினத்திலும் கொச்சியிலும் கார்வாரிலும்தான் கழியும்.

இரண்டாவது பயத்துக்குக் கணக்குதான் பதில். மொத்தக் கடன் எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு, சப்-லெப்டினன்ட் சம்பளத்திலிருந்து எந்த மாதம் முதல் எவ்வளவு வீட்டுக்கு அனுப்புவீர்கள், தங்கையின் படிப்புக்கு எவ்வளவு ஒதுக்குவீர்கள் என்று ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். அதன் பிறகு அவர் கேட்கும் கேள்விகளை எனக்கு எழுதுங்கள். அவருக்கே நேரடியாகப் பதில் எழுதுகிறேன்.